முதலில் தண்ணீரை மாற்றுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் இட்லி வெந்து கொண்டிருந்தது. என் மகள் கூடத்தில் இருந்து ஓடி வந்தாள்.

"அப்பா! கருப்பன் கீழே படுத்துக் கிடக்கிறான்!"

கருப்பன் என்றால் நாய் அல்ல. மீன்! ஆஸ்கார் என்று கடைகளில் சொல்கிறார்களே, அந்த மீன். கரிய உடம்பு. அதில் தணல் போலச் சிவப்புத் திட்டுகள். வாலின் அடியில் கண் மாதிரி ஒரு வட்டம். நான்கு வருடங்களாக எங்கள் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறான். நான் வேலை முடிந்து வந்தால் தொட்டியின் ஓரத்துக்கு வந்து நிற்பான். விரலைக் காட்டினால் விரலோடு வருவான். கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக் கொள்வான். (இது என் மனைவி சொல்வது. மீனுக்கு முகம் திருப்பத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.)

இரண்டு நாளைக்கு முன் இரவில் கரண்ட் போயிற்று. திரும்ப வந்ததும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கருப்பன் மிரண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தான். அழகுக்காக நான் வைத்திருந்த கருங்கல்லில் மோதினான். விலாவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் செதில் பெயர்ந்து விட்டது.

சனிக்கிழமை அந்தப் புண்ணின் ஓரத்தில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ தெரிந்தது. பயந்து போனேன். கடைக்கு ஓடினேன். மூன்று மருந்துகள் கொடுத்தார்கள். ஒன்று நீலம். ஒன்று பச்சை. ஒன்று மஞ்சள் தூள். எதை முதலில் போடுவது என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. ராத்திரி மூன்றையும் ஊற்றி விட்டுப் படுத்தேன்.

விடிந்தது. கருப்பன் படுத்து விட்டான். செவுள்கள் படபடவென்று அடித்துக் கொண்டிருந்தன.

எங்கள் தெருக் கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். மொட்டை மாடியில் சிமெண்டுத் தொட்டி கட்டி, வண்ண மீன் குஞ்சுகளை வளர்த்து, கொளத்தூர்க் கடைகளுக்குக் கொடுத்து வந்தவர். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தானே! அவரை அழைத்து வந்தேன். அவர் மீனைப் பார்க்கவே இல்லை. தொட்டியில் விரலை விட்டார். மோந்து பார்த்தார்.

"தம்பி, தண்ணி எப்ப மாத்தினீங்க?"

"ஒரு மாசம் இருக்கும், ஐயா."

"அப்ப மருந்தை யாருக்கு ஊத்தினீங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

பெரிய மீன் வளர்க்கும் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். மீனுக்கு ஒரு கீறல் பட்டதும் மருந்துப் புட்டியைத் தேடுகிறோம். தண்ணீரைப் பார்ப்பதில்லை. தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக் கொள்கிறோம்.

தெளிவான தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு.

மீன் தின்கிறது. அதன் உடம்பில் உண்டாகும் கழிவில் பெரும் பகுதி அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. மிச்சத் தீனியும் எச்சமும் அழுகும்போது இன்னும் அம்மோனியா சேருகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. செவுளை எரிக்கும். தோலைப் புண்ணாக்கும். ஆனால் தண்ணீரில் நிறம் காட்டாது.

ஆற்றில் இருக்கும் மீனுக்கு இந்தக் கவலை இல்லை. ஆறு ஓடிக் கொண்டே இருக்கும். தொட்டியில் அந்த வேலையை யார் செய்கிறார்கள்? பில்டரின் பஞ்சில் குடியிருக்கும் நல்ல கிருமிகள்! ஒரு வகைக் கிருமி அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட்டால் உடனே ஆபத்து இல்லை. ஆனால் அது சேர்ந்து கொண்டே போகும். வாரா வாரம் தண்ணீர் மாற்றினால்தான் வெளியே போகும்.

பெரிய மீன் அதிகம் தின்கிறது. அதிகம் கழிக்கிறது. ஆகவே அதன் தண்ணீர் சீக்கிரம் கெடுகிறது. அழுக்குத் தண்ணீரில் மீன் சோர்ந்திருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு கீறல் பட்டால் போதும். தண்ணீரில் எப்போதும் இருக்கும் கெட்ட கிருமிகள் உள்ளே புகுந்து விடும்.

குஞ்சு வளர்ந்தால்?

இந்தப் பெரிய மீன்களுக்கு ஏன் இத்தனை காயம்? கடையில் வாங்கும் போது நாம் பார்ப்பது குஞ்சை. அதுதான் காரணம்.

ஆஸ்கார் குஞ்சு கட்டை விரல் அளவு இருக்கும். தென் அமெரிக்காவில் அமேசான் பகுதியைச் சேர்ந்தது. வளர்ந்தால் ஓர் அடி வரும். நன்றாகக் கவனித்தால் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும்.

அரோவானாவைப் பாருங்கள். வெள்ளி அரோவானா என்பதும் அமேசான் மீன்தான். ஏறக்குறைய மூன்று அடி வளரும். காட்டில் வெள்ளம் ஏறும் போது, கிளையில் இருக்கும் பூச்சியைத் தண்ணீருக்கு மேலே துள்ளிப் பிடிக்கும். அதனால் அங்கே அதற்கு 'தண்ணீர்க் குரங்கு' என்று பெயர். குரங்கைக் கொண்டு வந்து கண்ணாடிப் பெட்டியில் அடைத்தால் என்ன செய்யும்? குதிக்கும்! மூடியில் முட்டும். மூக்கு உடையும். மீசை முறியும். மூடி இல்லாவிட்டால் தரையில் கிடக்கும்.

இன்னொன்று செவ்வால் கெளுத்தி. கடைகளில் ரெட் டெயில் என்கிறார்கள். கருத்த முதுகு, வெள்ளை வயிறு, சிவந்த வால், நீண்ட மீசை. குஞ்சாக இருக்கும் போது பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அது நான்கு அடிக்கு வளரக் கூடிய மீன்! நம் வீட்டுக் கூடத்தில் அது திரும்பிப் படுக்கக் கூட இடம் கிடையாது.

மூன்று அடித் தொட்டியில் இரண்டு அடி மீன் இருந்தால், அது திரும்பும் போதெல்லாம் கண்ணாடியில் உரசும். உதடு தேயும். வால் கிழியும். இரண்டு மூன்று பெரிய மீன்களை ஒன்றாக விட்டால் இடத்துக்காகச் சண்டை வரும். வலுத்தது இளைத்ததைக் கடிக்கும். இதை நோய் என்று சொல்லலாமா? இதற்கு எந்தப் புட்டியில் மருந்து இருக்கிறது?

விற்கிறவர்கள் குஞ்சைக் காட்டும் போதே, "இது இத்தனை அடி வளரும், இத்தனை அடித் தொட்டி வேண்டும்" என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்க விட வேண்டும் என்பது என் கருத்து. விலையை எழுதி ஒட்டத் தெரிகிறதே, இதையும் எழுதினால் என்ன?

வலிக்குமா?

"மீனுக்கு ஏது வலி?" என்று கேட்பவர்கள் உண்டு. 2003-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். டிரவுட் என்ற மீனின் உதட்டில் எரிச்சல் தரும் பொருளை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். மீன்களின் மூச்சு வேகமாயிற்று. வெகு நேரம் அவை இரையைத் தொடவில்லை. காடி அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்துக் கொண்டன.

வலி என்று இதைச் சொல்லலாமா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். தொட்டியின் அடியில் படுத்து மூச்சு வாங்கும் மீனைப் பார்த்த என் மகளுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.

பெரியவர் செய்தது

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் என்ன செய்தார்?

முதலில் விளக்கை அணைத்தார். இருட்டில் மீன் அமைதியாக இருக்கும். காற்றுக் குழாயை இன்னொன்று போட்டார். கருங்கல்லை வெளியே எடுத்தார். "வைரக் கல்லா, இங்க வெக்கறதுக்கு?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்து விட்டுப் புதுத் தண்ணீர் விட்டார். எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றவில்லை. அப்படிச் செய்தால் தண்ணீரின் தன்மையும் சூடும் திடீரென மாறும். மீன் அதிர்ச்சியிலேயே சாகலாம்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. அதில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளைக் கெடுக்கும். பில்டரில் இருக்கும் நல்ல கிருமிகளையும் கொல்லும். வாளியில் பிடித்துக் காற்றுக் குழாய் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய் விடும். அவசரத்துக்குக் கடைகளில் குளோரின் முறிக்கும் மருந்து விற்கிறார்கள். அன்று பெரியவர் தம் வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாகக் கொண்டு வந்தார். நானும் சுமந்தேன். பதினோரு பக்கெட்! இடுப்பு விட்டுப் போயிற்று.

பில்டர் பஞ்சை நான் குழாயடியில் கழுவப் போனேன். தடுத்து விட்டார். தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இலேசாக அலசினார். நல்ல கிருமிகள் அதில்தானே இருக்கின்றன!

"ரெண்டு நாளைக்குத் தீனி போடாதீங்க" என்றார். என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "பட்டினியா போடறது, பெரியவரே?" என்றாள். வளர்ந்த ஆஸ்காருக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி ஒரு பொருட்டே இல்லை. நோயாளி மீன் தின்னாமல் விடும் தீனி அழுகினால்தான் ஆபத்து.

நான் ஊற்றிய மூன்று மருந்தும் போக வேண்டுமே! அதற்காகப் பில்டரில் கரித்தூள் பை ஒன்று வைத்தார். கரி மருந்தை உறிஞ்சி விடும். இதைத் தெரிந்து கொள்ளுங்கள். மருந்து போடும் போது தொட்டியில் கரி இருந்தால் மருந்து வேலை செய்யாது. மருந்து வேண்டாம் என்றால் கரிதான் துணை.

உப்பு என்ன செய்யும்?

மறுநாள் உப்பு போட்டோம். கடல் மீனுக்கு அல்லவா உப்பு? ஆற்று மீனுக்கு எதற்கு?

உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதுகிறது அல்லவா? ஆற்று மீனின் உடம்புக்குள் உப்பு அதிகம். வெளியே தண்ணீரில் உப்பு குறைவு. அதனால் தண்ணீர் எப்போதும் மீனுக்குள் புகப் பார்க்கும். மீன் ஓயாமல் அதை வெளியேற்றிக் கொண்டிருக்கும். தோலும் அதன் மேல் உள்ள வழுவழுப்பும் இதற்கு ஒரு வேலி. காயம் பட்டால் வேலியில் ஓட்டை. தண்ணீர் அதிகம் புகும். உடம்பில் உள்ள உப்பு வெளியேறும். மீன் களைத்துப் போகும்.

தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் மீனுக்கு இந்த வேலை குறைகிறது. மிச்சமாகும் தெம்பைப் புண்ணை ஆற்றச் செலவிடுகிறது. நைட்ரைட் நஞ்சு இரத்தத்தில் ஏறாமல் தடுக்கவும் உப்பு உதவுகிறது.

எவ்வளவு போடுவது? லிட்டருக்கு ஒரு கிராம் முதல் மூன்று கிராம் வரை. வெறும் கல் உப்பு போதும். மசாலா கலந்த உப்பு, மருந்து கலந்த உப்பு கூடாது.

கணக்கு மிகச் சுலபம். தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வருவதை 28-ஆல் பெருக்கினால் லிட்டர். எங்கள் தொட்டி நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பெருக்கினால் 9. அதை 28-ஆல் பெருக்கினால் 252 லிட்டர். விளிம்பு வரை நிரப்புவதில்லை. ஆகவே 220 லிட்டர் என்று வைத்தோம். லிட்டருக்கு இரண்டு கிராம் வீதம் 440 கிராம் உப்பு. அதைச் சொம்பில் கரைத்து, மூன்று பங்காக்கி, காலை, மதியம், மாலை என்று ஊற்றினோம். கல்லாக அப்படியே போட்டால் மீன் மேல் பட்டு எரியும்.

தண்ணீர் வெயிலில் வற்றினால் உப்பு வற்றாது. வற்றியதற்கு வெறும் தண்ணீர் விட வேண்டும். நாம் முகந்து எடுத்த தண்ணீருக்கு மட்டும்தான் புதிதாக உப்பு சேர்க்க வேண்டும். இது தெரியாமல் வாரா வாரம் ஒரு கை உப்பு அள்ளிப் போடுகிறவர்கள், கூடத்தில் வங்காள விரிகுடாவை உண்டாக்கி விடுவார்கள்.

செதில் இல்லாத கெளுத்தி வகைகளுக்கு உப்பும் மருந்தும் சீக்கிரம் உறைக்கும். அவற்றுக்குக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். தொட்டியில் செடி இருந்தால் உப்பில் வாடி விடும்.

பஞ்சு எல்லாம் ஒன்றல்ல

புண்ணில் பஞ்சு மாதிரி தெரிந்தால் பூஞ்சை என்று முடிவு செய்து விடுகிறோம். பூஞ்சை போன்ற நோய் உண்மையில் உண்டு. ஈரத் துணியில் பூசணம் பூப்பது போல நூல் நூலாக நிற்கும். பெரும்பாலும் செத்த சதை மேல்தான் பிடிக்கும். ஆனால் வாயோரத்திலும் முதுகிலும் சாம்பல் வெள்ளையாகப் படர்ந்து, ஓரிரு நாளில் பரவுகிற இன்னொரு நோய் இருக்கிறது. அதைக் கொண்டு வருவது பாக்டீரியா. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒன்றின் மருந்து மற்றதற்குப் பலிக்காது. அந்தப் பாக்டீரியா சூட்டில் வேகமாகப் பெருகும். குளிர் தேசத்தார், "மீனுக்கு நோயா? தண்ணீரைச் சூடாக்கு" என்று சொல்வதைக் கேட்டு, நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஹீட்டர் போடுவது நோய்க்கு விருந்து வைப்பது போல.

உடம்பெங்கும் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி வந்தால் அது வேறு. அது ஒட்டுண்ணி. புள்ளி மறைந்ததும் நோய் போய் விட்டது என்று மருந்தை நிறுத்தக் கூடாது. புள்ளி உதிர்ந்து, தொட்டியின் அடியில் குஞ்சு பொரித்து, மறுபடி மீனைத் தேடி நீந்தி வரும். அப்படி நீந்தும் போதுதான் மருந்து அதைக் கொல்லும்.

ஆஸ்காருக்குத் தலையில் குழி குழியாக விழும் நோயும் உண்டு. அதற்குக் காரணம் குடலில் வாழும் ஓர் உயிரி என்றும், சத்தில்லாத தீனி என்றும், பழைய தண்ணீர் என்றும் பல விதமாகச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் பிடித்தால், தண்ணீரையும் தீனியையும் சரி செய்வதிலேயே குழிகள் மூடத் தொடங்குவது உண்டு.

மாத்திரை மோகம்

இனி நான் கோபமாகவே எழுதப் போகிறேன். எனக்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

மீனுக்கு வால் கிழிந்தால், வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்டிபயாடிக் மாத்திரையைப் பொடி செய்து தொட்டியில் தூவுகிறார்கள். பாட்டிக்குக் காய்ச்சலின் போது டாக்டர் எழுதிக் கொடுத்தது! பாட்டியும் முழுதாகச் சாப்பிடவில்லை. மீனுக்கும் முழு அளவு கிடைக்காது.

இதில் மூன்று கெடுதல். ஒன்று, பில்டரில் இருக்கும் நல்ல கிருமிகள் சாகலாம். அவை செத்தால் அம்மோனியா ஏறும். புண்ணோடு இருந்த மீன் நஞ்சால் சாகும். என் தொட்டியில் அந்த ராத்திரி நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு, நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. சுண்ணாம்புச் சத்து அதிகம். டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் அந்தச் சத்தோடு ஒட்டிக் கொண்டு பலம் இழக்கும். மூன்றாவதுதான் மோசம். அரைகுறை மருந்தில் சாகாமல் தப்பும் கிருமி, அந்த மருந்துக்கு அசையாத கிருமியாகப் பெருகும். தொட்டித் தண்ணீரைக் கொட்டினால் சாக்கடைக்கு அதுவும் போகும்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற போது ஆற்றிய உரையிலேயே இதை எச்சரித்தார். போதாத அளவில் மருந்து கொடுத்தால், கிருமிகள் அதைத் தாங்கப் பழகி விடும் என்றார். அவர் எச்சரித்தது மனிதருக்கு. கிருமிக்கு மனிதர் தொட்டி, மீன் தொட்டி என்ற வேற்றுமை கிடையாது.

பச்சை மருந்தும் லேசானது அல்ல. அதன் பெயர் மாலகைட் கிரீன். உணவு மீனுக்கு அதைப் போடக் கூடாது என்று பல நாடுகள் தடுத்திருக்கின்றன. அதை வெறுங்கையால் தொடுவதும், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதும் தவறு.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண் பிதுங்கினால், வயிறு ஊதிச் செதில்கள் பலாப்பழத் தோல் போல விறைத்து நின்றால், புண் ஆழமாகிச் சதை தெரிந்தால், தண்ணீர் சரியாக இருந்தும் மூன்று நான்கு நாளில் புண் பெரிதானால், அது சின்னக் காயம் அல்ல. மீன் நோய் தெரிந்த கால்நடை டாக்டரிடம் கேட்க வேண்டும். மீன்வளம் கற்பிக்கவே நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நமக்கு ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. தூத்துக்குடியில் 1977-ம் ஆண்டு முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. படித்தவர்கள் இருக்கும் போது மருந்துக் கடைக்காரரை ஏன் டாக்டராக்க வேண்டும்?

வேடிக்கைக்கு உயிர் மீன்

வேட்டையாடும் மீன் என்றால் உயிர் மீனைத்தான் போட வேண்டும் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக் கொண்டு, சின்னத் தங்க மீன்களை அரோவானாவுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். அது பாய்ந்து விழுங்கும். எல்லோரும் கை தட்டுவார்கள்.

அந்தத் தங்க மீன்கள் மலிவு மீன்கள். ஒரே தொட்டியில் நூற்றுக்கணக்கில் அடைத்து வைத்தவை. அவற்றின் நோயெல்லாம் உங்கள் மீனுக்கு வரும். பாய்ச்சலில் கல்லில் மோதி வாய் கிழியும். அது மட்டும் அல்ல. தங்க மீனின் உடம்பில், 'பி-1' வைட்டமினைச் சிதைக்கும் ஒரு பொருள் உண்டு. தினமும் அதையே தின்கிற மீன் நாளடைவில் சத்துக் குறைந்து நோஞ்சானாகும். நல்ல குருணைத் தீனி, இறால் துண்டு, மண்புழு என்று பழக்கலாம். கருப்பனுக்கு இறால் என்றால் உயிர். மார்க்கெட்டில் இறால் விலை ஏறினால் எங்களுக்கு இல்லை, அவனுக்கு உண்டு.

இன்னொரு விஷயத்தைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். கையில் வெட்டுக் காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன் தொட்டியில் இருக்கும் ஒரு வகைக் கிருமி கைப் புண்ணில் புகுந்து, வாரக் கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். காசநோய்க் கிருமிக்கு அது உறவு. கை விட்டு எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆறாத புண் வந்தால், "வீட்டில் மீன் வளர்க்கிறோம்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது.

ஏரியில் விடாதீர்கள்

மீன் வளர்ந்து விட்டது. தொட்டி போதவில்லை. புண் ஆறவும் இல்லை. என்ன செய்கிறார்கள்? ராத்திரியில் பக்கெட்டில் எடுத்துப் போய் ஏரியில் விட்டு விட்டு, "சுதந்திரம் கொடுத்தேன்" என்கிறார்கள்.

2018-ம் ஆண்டில் கேரளத்தில் பெரு வெள்ளம் வந்தது. அதன் பிறகு சாலக்குடி ஆற்றில் வலை போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? அமேசானில் வாழும் அரபைமா! அமெரிக்காவின் முதலை மூஞ்சி மீனான அலிகேட்டர் கார்! வளர்த்த இடங்களில் இருந்து தப்பி வந்தவை. 2023-ம் ஆண்டு மே மாதத்தில் காஷ்மீரத்து தால் ஏரியிலும் ஓர் அலிகேட்டர் கார் அகப்பட்டது. அது தானாகவா நீந்திப் போயிருக்கும்?

இந்த மீன்கள் நம் குளத்து விரால் குஞ்சையும் கெண்டையையும் தின்னும். அவை கொண்டு போகும் நோய் நம் மீன்களுக்குப் புதியது. வளர்க்க முடியவில்லை என்றால், பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுங்கள். வாங்கிய கடையில் திரும்பக் கேட்டுப் பாருங்கள். காசு எதிர்பார்க்காதீர்கள்.

கருப்பன் இரண்டு நாள் படுத்தே கிடந்தான். தினமும் நாங்கள் கால் பங்குத் தண்ணீர் மாற்றினோம். மூன்றாம் நாள் எழுந்து மூலையில் நின்றான். ஐந்தாம் நாள் ஒரு துண்டு இறாலை வாயில் வாங்கித் துப்பினான். ஆறாம் நாள் துப்பவில்லை. புண்ணின் மேல் முதலில் கண்ணாடி போல மெல்லிய தோல் மூடியது. பிறகு செதில் முளைத்தது. அந்த இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் கருப்பாக இருக்கிறது. கருங்கல், துணி துவைக்க மாடிக்குப் போய் விட்டது.

போன வாரம் எதிர் வீட்டுப் பையன் என்னிடம் வந்தான்.

"அங்கிள், ரெட் டெயில் குட்டி ஒண்ணு வாங்கப் போறேன். இவ்வளவுதான் இருக்கு!" என்று சுண்டு விரலைக் காட்டினான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அளவு நாடாவை எடுத்து, அவன் வீட்டுக் கூடத்துத் தரையில் நான்கு அடிக்கு ஒரு கோடு போட்டேன். "இது மீன்" என்றேன். பிறகு அந்த மீன் தாராளமாகத் திரும்புவதற்கு ஒரு வட்டம் போட்டேன். வட்டம் சோபாவைத் தாண்டி, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போயிற்று. அவன் அம்மா அடுக்களையில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாருடா கூடத்துல கோலம் போடறது?" என்றாள்.